மேட்டுக் குளத்தில் நான் போட்ட முடிச்சு

தம்பி தினேஷ்,

இந்தக் கடிதத்தை இரண்டு படியாக எழுதுகிறேன். ஒன்று, கம்போங் ராஜாவில் நீ தங்கியிருக்கும் அறைக்கு உன் அப்பா காய்கறி லோரியில் வரும்போது கொண்டுவந்து தருவது. இன்னொன்று, நீ படித்து ஒரு நாள் ஆன பிறகு நம் எஸ்டேட் கோயில் மண்டபத்து போர்டில் ஒட்டுவது. அம்மாவும் மகனும் பேசிக்கொள்வதை ஊருக்கு ஏன் விளம்பரம் பண்ணுகிறாய் என்று கேட்பாய். உன்னைப் பற்றி ஊர் கூடிப் பேசியது அந்த மண்டபத்தில்தான், தம்பி. உன் பெயரைச் சொல்லி, உன் முகத்துக்கு நேராகப் பேசினார்கள். அதற்கான பதிலை நான் உன் காதில் மட்டும் குசுகுசுவென்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டால் அது இன்னொரு களவாணித்தனம். ஒன்று செய்ததே போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்து சாப்பிட்டாய். ஜொகூரில் தண்ணீர் சுத்திகரிக்கும் இடத்திலிருந்து உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள் என்று சொன்னாய். உன் அப்பா, "நல்ல வேலைதானேடா, போயிட்டு வா" என்றார். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "வேணாம்ப்பா. நான் மாட்டுன கருவி பொய் சொல்லுச்சு. ஒரு கைதான் ஒடஞ்சுது, தப்பிச்சோம். அங்க அது ஒரு டவுனுக்கே தண்ணி. என் கையை நானே நம்பல லா" என்றாய். நான் அப்பளம் பொரிக்கப் போனேன். ஏற்கெனவே ஆறு அப்பளம் பொரித்து டப்பாவில் இருந்தது.

அதனால் சுற்றி வளைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கருவி பொய் சொல்லவில்லை. நீ மாட்டியது சரி, நீ போட்ட அளவு சரி. நான்தான் அதைத் தூக்கிக் கட்டினேன். எட்டு மாதமாக அதை விழுங்கிக்கொண்டு உனக்குச் சோறு போட்டேன். நீ அழுத்தத்தை அளக்கப் படித்தாய்; உன்னைப் பெற்றவள் எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரி என்பதை எந்தக் கருவியும் உனக்குக் காட்டித் தரவில்லை. இனி மூச்சு விட்டுக்கொண்டு படி. எப்படி நடந்தது என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

உனக்கு என் குணம் தெரியும். சின்ன வயதில் எனக்கு வாலில்லாதது ஒன்றுதான் குறை. பதினைந்து வயதில், பெரட்டுக்களத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்து ஆள் கூப்பிடுவார்களே, அந்த இரும்புத் தடியைக் கங்காணியின் பூட்ஸுக்குள்ளேயே ஒளித்துவைத்தேன். மனிதர் தடியை ஊரெல்லாம் தேடினார், பூட்ஸை மட்டும் தேடவில்லை, வெறுங்காலோடுதான் வந்தார். அன்றைக்கு எல்லாரும் இருபது நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். கொழுந்து பறிக்கிற அக்காமார்கள் என் கன்னத்தைக் கிள்ளி, "நீ நல்லா இருப்படி" என்றார்கள். ஒரு சத்தத்தை நிறுத்தினால் சனங்கள் சந்தோஷப்படுவார்கள் என்ற பாடத்தை நான் அப்போதுதான் கற்றேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவளுக்கு மண்டையில் ஏறியது அந்த ஒரு பாடம்தான்.

நீ வேறு மாதிரி. ஏழு வயதில் ஒரு பால் டின்னில் மேலே, நடுவே, அடியில் என்று ஆணியால் மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பி, "அடி ஓட்டையிலேர்ந்து வர்ற தண்ணிதாம்மா ரொம்ப தூரம் பாயுது. மேல இருக்குற தண்ணியெல்லாம் அதைப் போட்டு அமுக்குது" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாய். மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டப் போகிறாய் என்று தெரிந்ததும் எனக்குக் கை அரித்தது. அடி ஓட்டையில் கொஞ்சம் சோற்றுப் பசையை உள்பக்கமாக அப்பிவிட்டேன். எல்லாருக்கும் முன்னால் உன் டின் ஒழுகவில்லை. உன் கண்தான் ஒழுகியது. பசையைப் பற்றி நீ யோசிக்கவே இல்லை. "நான்தான் ஓட்டையைச் சின்னதா போட்டுட்டேன்" என்று டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். ஒரு மணி நேரம் கழித்து நான் சொல்லிவிட்டேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம்பிக்கொண்டே இருந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். என்ன செய்தாலும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம், பையன் சிரித்துவிடுவான் என்று.

கீழே பள்ளத்தாக்கில் லெம்பா பெர்த்தாம் ஊருக்குள் வெள்ளமும் சேறும் புகுந்த பிறகு எல்லாருக்கும் தண்ணீர் என்றால் ஒரு பயம்தான். நம் லயத்து வீடுகளுக்கு மேலே, தொழிற்சாலைக்குத் தண்ணீர் போகும் மேட்டுக் குளத்துக்கும் ஒரு காவல் வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தபோது, ஈப்போ கம்பெனியிலிருந்து அதை மாட்ட வந்தது நீ. கம்பெனி சட்டையில் உன் பெயர் தைத்திருந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டாயில், என் பொறுப்பில் இருந்த பிள்ளைகளை எல்லாம் சன்னல் பக்கம் நிறுத்தி, "அங்க பாரு, அது யாரு?" என்று கேட்டுக் கேட்டு உன் பெயரைச் சொல்லவைத்தேன். நீ வெட்கப்பட்டாய்.

குளத்து வேலியின் சாவி கொட்டாயில்தான் தொங்கும் என்பதால் உனக்குக் கதவு திறந்துவிட்டவள் நான். ஒரு சாண் நீளத்தில், கட்டைவிரல் பருமனில், பளபளவென்று ஒரு குழல். அதன் தலையில் கறுப்பு வயர். "இதுவாடா தண்ணிய அளக்கும்? இதுக்குக் கண்ணு எங்க?" என்று கேட்டேன். "கண்ணு இல்லம்மா. தலைக்கு மேல எவ்வளவு தண்ணி நிக்குதோ அந்தக் கனத்தை வச்சே சொல்லிடும்" என்றாய். வயருக்குள் ஒரு மெல்லிய காற்றுக் குழாய் ஓடுகிறது, அது வெளிக்காற்றை மூச்சுவிட வேண்டும், அந்த வாயில் ஈரம் போனால் கணக்கு கெட்டுவிடும் என்று சொல்லி, கரையில் இருந்த பெட்டியின் மூடியைத் திருகினாய். திருகிவிட்டு இன்னொரு தடவை திருகினாய். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாய். நான் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. இதை நினைவில் வை. பிறகு டேப் வைத்து வயரை அளந்து, மஞ்சள் நாடா சுற்றி அடையாளம் போட்டு, குளத்தில் நட்டிருந்த குழாய்க்குள் இறக்கினாய்.

அதன் பிறகு மழை. நம் ஊரில் மத்தியானம் ஆனால் மழை வராத நாள் எது? மேனேஜர் பயந்த மனிதர். தண்ணீர் ஏறினால் கருவி ஊதவைக்கும் அபாயச் சங்கின் மட்டத்தைத் தாழ்வாக வைக்கச் சொல்லிவிட்டார். மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறூட்டித் தூங்கவைக்கும் நேரம் பார்த்து அது அலறும். பதினோரு பிள்ளைகளும் ஒரே சமயத்தில் எழுந்து அலறும். எது சங்கு, எது பிள்ளை என்று தெரியாது. நான் உனக்கு போன் போட்டேன். "ரெண்டு வாரம் பொறுத்துக்கம்மா. மழைத்தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு பாத்துட்டு நானே வந்து மாத்துறேன்" என்றாய். எவ்வளவு பொறுப்பான பதில். நான் நாலு நாள் பொறுத்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம், பிள்ளைகள் அப்போதுதான் கண்ணயர்ந்தன. தூறல் ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊதப்போகிறது என்று எனக்குத் தெரியும். சாவியை எடுத்துக்கொண்டு போனேன். தலைக்கு மேல் நிற்கும் தண்ணீரைத்தானே இது சொல்கிறது, இதைக் கொஞ்சம் மேலே தூக்கினால் தண்ணீர் குறைந்ததாக நினைத்துக்கொள்ளும். நீ சொல்லித்தந்ததை வைத்தே நான் போட்ட கணக்கு இது. வயரை ஒரு முழம் இழுத்து, கம்பியில் சுற்றி, ஒரு முடிச்சு. சங்கு ஊதவில்லை. பிள்ளைகள் மூன்று மணி வரை தூங்கின. கங்காணியின் பூட்ஸ் ஞாபகம் வந்து நான் தனியாகச் சிரித்ததும் உண்டு. நீ வந்து மட்டத்தை மாற்றும்போது உன்னிடம் சொல்லிக் கலாய்க்கலாம் என்று இருந்தேன். ஆனால் உன்னைக் கம்பெனி கிளந்தான் பக்கம் அனுப்பிவிட்டது. இரண்டு வாரம் மூன்றாகியது. முடிச்சை நான் மறந்தேபோனேன். மறந்தேன் என்பதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பெருமழை நாளில் கரை சரிந்து ஒரு மரம் குளத்தின் வடிகாலில் விழுந்து அடைத்தது உனக்குத் தெரியும். நம் கொட்டாய் மேட்டில் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சங்கு ஊதியபோது கீழ் லயத்தில் தண்ணீர் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தது. ராசாத்தி அக்கா பதறி ஓடிவந்து படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு. கொழுந்து வெட்டும் கத்திரியை அவள் இன்னும் முழுசாகப் பிடிக்க முடியாமல் இருக்கிறாள்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். எல்லாரும் சேறு வாரிக்கொண்டிருந்தபோது எனக்கு முடிச்சு ஞாபகம் வந்தது. குளத்துக்கு ஓடினேன். அப்போது என் மனதில் என்ன இருந்தது தெரியுமா? என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுகூட இல்லை. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தால், வயர் தப்பாகத் தொங்குகிறதே, தினேஷ் ஒழுங்காக மாட்டவில்லை என்பார்களே என்று பயந்தேன். அதனால் முடிச்சை அவிழ்த்து, உன் மஞ்சள் நாடா இருக்க வேண்டிய இடத்தில் சரியாக நிற்கும்படி இறக்கிவிட்டு வந்தேன். தம்பி, அந்த முடிச்சை அப்படியே விட்டிருந்தால் அது உன்னைக் காப்பாற்றியிருக்கும். யார் பார்த்தாலும், எவனோ கை வைத்திருக்கிறான் என்று தெரிந்திருக்கும். உனக்கு நல்லது செய்வதாக நினைத்து உன் ஒரே சாட்சியை நான் என் கையாலேயே அவிழ்த்தேன்.

கம்பெனி ஆள் வந்தார். வயர் சரியான அளவில் தொங்குகிறது, கருவியும் ஓடுகிறது, ஆனால் மூன்று வாரமாகத் தண்ணீரைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. அப்படியானால் காற்றுக் குழாயில் ஈரம், மூடியைச் சரியாக இறுக்கவில்லை, மாட்டியவன் தப்பு. நீ முதலில், "இறுக்குனேன் சார்" என்றாய். பிறகு, "இறுக்குனதா ஞாபகம்" என்றாய். மண்டபத்தில் கூட்டம் போட்டுக் கேட்டபோது, "இறுக்காம விட்டிருக்கலாம்" என்றாய். மூன்று நாளில் அவ்வளவு தூரம் இறங்கிவிட்டாய். ஊர் உன்னை மட்டம் தட்டியது. நான் கடைசி வரிசையில் ஒரு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனியை விட்டு வந்த பிறகு ஒரு சாயங்காலம், கருவி பதிந்துவைத்த அந்த மூன்று வாரத்துக் கோட்டுப்படத்தைச் சமையல்கட்டு மேசையில் விரித்துவைத்து என்னைக் கூப்பிட்டாய். "இங்க பாரும்மா. இந்த எடத்துல சொட்டுன்னு எறங்குது. அப்புறம் மழை நாள் அன்னைக்கு இங்க தானா ஏறிக்குது. ஈரம் போயி காஞ்சிருக்கும். ஆனா இவ்வளவு நேரா எறங்குமா?" என்றாய். உன் விரல் வைத்த இடம் ஒரு மத்தியானம், ஒன்றேகால் மணி. நான் சாவியை எடுத்துக்கொண்டு போன நேரம். சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்திருக்காது. "தே தண்ணி போடட்டுமா?" என்று கேட்டேன். நீ தாளை மடித்தாய்.

அந்தத் தாளை நீ தூக்கிப்போட்டிருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். எடுத்துப் பார். இவ்வளவு நேராக இறங்குமா என்று நீயே கேட்டாய்; ஈரம் என்றால் கோடு சாய்ந்து சாய்ந்துதான் கெடும். இது செங்குத்தாக இறங்குகிறது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு, ஒரு நாள் வந்து என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து பார். இரண்டும் ஒன்றாக இருக்கும். உன் கருவி, தண்ணீரை அளந்த அதே நேர்மையோடு என் திருட்டுத்தனத்தையும் அளந்து வைத்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஸ்வெட்டரின் ஒரு கையை மட்டும் மாட்டிய நிலையில் அப்படியே நின்றார். திட்டுவார் என்று பார்த்தேன். "பய எட்டு மாசமா சரியா சாப்பிடல" என்று மட்டும் சொன்னார். பிறகு இன்னொரு கையை மாட்டிக்கொண்டு, "வா, ஆபீசுக்குப் போலாம்" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்ததும், "என்னம்மா, லீவா?" என்றார். "லீவு இல்லைங்க, லீக்கு" என்றேன். வாய் சும்மா இருக்கிறதா பார். அவர் சிரித்தார். நான் சொல்லி முடித்தபோது சிரிப்பு இல்லை. "ஏம்மா, அந்தப் பையன் இதே நாற்காலியில உக்காந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான்மா" என்றார். எனக்குத் தெரியாது, தம்பி. நீ சொல்லவே இல்லை. அவர் கம்பெனிக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதினார். அதன் நகல் இந்தக் கவரிலேயே இருக்கிறது. என்னிடமிருந்து கொட்டாய்ச் சாவியை வாங்கிக்கொண்டார். விசாரித்து முடிக்கும்வரை நான் பிள்ளைகளிடம் போகக் கூடாது. அது நியாயம்தான்.

அங்கிருந்து நேராக ராசாத்தி அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் ஒற்றைக் கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அப்ப எட்டு மாசமா எனக்கு ரசம் வச்சுக் குடுத்தது இதுக்குத்தானாடி?"

"ஆமாக்கா."

"ஒம் புள்ளைய நான் மண்டபத்துல என்னவெல்லாம் பேசினேன். நீ பின்னால உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

"ஆமாக்கா."

"வாய்க்கு வாய் பேசுவியே, இன்னைக்கு என்ன ஆமாக்கா ஆமாக்கான்னு?" பிறகு கீரைத் தட்டைத் தள்ளிவைத்தாள். "ரசத்தை நிறுத்தாத. நல்லாத்தான் இருக்கு. ஆனா கொண்டாந்து வச்சுட்டுப் போயிடு. எங்கிட்ட பேசாத. எப்பப் பேசணும்னு நான் சொல்றேன். தம்பிகிட்ட நான் நேர்ல பேசிக்கறேன், அதுல நீ நடுவுல வராத."

பெற்றவள் கடிதம் என்றால் புத்திமதி இல்லாமல் இருக்குமா? எனக்கு அந்த அருகதை இல்லை, ஆனாலும் இந்தத் தொழிலில் உனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றை நான் சொல்ல முடியும். கருவியைக் கெடுப்பது மழையும் ஈரமும் மட்டுமில்லை. சத்தம் பொறுக்காத ஒரு ஆள் எல்லா ஊரிலும் இருப்பாள். கெட்டவளாக இருக்க மாட்டாள். அவளுக்கும் தூங்கவைக்கப் பதினோரு பிள்ளைகள் இருக்கும். மாட்டிவிட்டுக் கிளம்பும் முன் அவளைத் தேடிப் பிடித்து, இது எப்போது கத்தும், ஏன் கத்தும், பொறுக்க முடியாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போ. அவள் கூப்பிட்டால் இரண்டு வாரம் என்று சொல்லாதே. உன்மேல் குற்றம் போடவில்லை. நீ செய்யாத தப்புக்கு எட்டு மாதம் அனுபவித்தாய், இதையும் உன் தலையில் கட்டமாட்டேன். அடுத்த ஊரில் இருக்கும் என்னைப் போன்றவளுக்காகச் சொல்கிறேன். இன்னொன்று. கணக்கு தப்பாக வந்து, உலகம் முழுக்க நீதான் தப்பு என்று சொன்னால், உன் கையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் பக்கத்தில் நின்றவர்களைச் சந்தேகப்படு. உன்மேல் உயிரையே வைத்திருப்பவர்களை முதலில்.

என்மேல் கோபப்படு. எவ்வளவு நாள் வேண்டுமானாலும். ராசாத்தி அக்கா மாதிரி நீயும் எப்போது பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பு, நான் காத்திருக்கிறேன். நீ சிரிப்பாய் என்ற எண்ணத்தில் இதை எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை ஜொகூர்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்கிறாய் என்பது உன் இஷ்டம். தூரமாக இருக்கிறது என்று சொல். வெயில் ஒத்துக்கொள்ளாது என்று சொல். அந்த வேலையே பிடிக்கவில்லை என்றுகூடச் சொல், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். உன் கையை நம்ப முடியவில்லை என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதே. அது பொய். இந்த வீட்டில் பொய் சொல்ல நான் ஒருத்தி இருந்தது போதும்.

உன் அம்மா